ஊசி படாததும் ஊசி பட்டதும்

நவராத்திரி முடிந்த மறுவாரம், பெரம்பலூர் அரியலூர்ப் பக்கத்து வீடு எதிலேனும் அலமாரியின் மேல்தட்டைத் திறந்து பார்த்தால், ரவிக்கைத் துணிகள் அடுக்கடுக்காய் இருக்கும். தாம்பூலத்தோடு வந்தவை. வெற்றிலையும் மஞ்சளும் செலவாகிவிடும். துணி மட்டும் தங்கிவிடும். அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு சுமங்கலிக்கு அதே துணி போகும். அவர் வீட்டிலிருந்து இன்னொருவருக்குப் போகும். இரண்டு ஆண்டுகள் ஊர் சுற்றிய துணி, புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்து சேர்வதும் உண்டு. கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் அது தெரியும், எவரும் சொல்வதில்லை.

இப்படிச் சுற்றிவரும் துணிக்கு ஒரு நற்கதி உண்டு. வீட்டுப் பூஜையறையில் எழுந்தருளியிருக்கும் அம்மனுக்குப் பாவாடையாவது அது. ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் இருந்தால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. தையல் எந்திரம் வேண்டியதில்லை. கண் ஓரளவு தெரிந்தால் போதும்.

ஆனால் தைக்க உட்காருவதற்கு முன் ஒன்றை அறிந்துகொள்வது நலம். கோயில் வழக்கில் முதலிடம் ஊசி படாத துணிக்கே. இறைவனுக்குச் சாற்றும் வேட்டியும், அம்பிகைக்குச் சாற்றும் புடவையும் தறியிலிருந்து இறங்கியபடியே வருபவை. வெட்டும் இல்லை, தையலும் இல்லை. வேள்வியில் அமர்பவரும் சட்டையைக் களைந்துவிட்டு வேட்டியும் அங்கவஸ்திரமுமாகவே அமர்கிறார். கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராஜேந்திர சோழன் எழுப்பிய பெருங்கோயிலுக்குச் செல்பவர்கள், வடபுற வாயிலருகே சண்டேச அனுக்கிரக மூர்த்தியைக் காணத் தவறுவதில்லை. உமையோடு அமர்ந்த பெருமான், தம் அடியாரின் தலையில் மாலையைச் சுற்றிச் சூட்டும் கோலம். அருளைக் கண்டு நெகிழ்ந்த பின், ஒரு கணம் ஆடைகளையும் பார்க்கலாம். மேனியோடு ஒட்டிய மெல்லிய துணி; கல்லிலே கோடுகளாக ஓடும் மடிப்புகள். உடுத்தும் கைத்திறனே அங்கே அலங்காரம். தையலுக்கு வேலையே இல்லை.

துணியைத் தொண்டாகக் கொண்டவர்களையும் பெரிய புராணம் போற்றுகிறது. காம்பீலி நகரில் நெசவுக் குலத்தில் தோன்றிய நேச நாயனார், மனத்தைச் சிவன் அடியிலும், நாவை அஞ்செழுத்திலும், கைகளைத் தறியிலும் வைத்து, உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்களுக்கு வழங்கினார். பழையாறையைச் சேர்ந்த அமர்நீதி நாயனார், ஒரு கோவணத்துக்கு ஈடாகத் தம் செல்வம் எல்லாவற்றையும் தராசில் வைத்தும் தட்டு நேர்நிற்காமல், இறுதியில் மனைவி மகனோடு தாமே தட்டில் ஏறினார். கோவணம் என்பது உலகிலேயே மிகச் சிறிய ஆடை. அதன் நிறையைச் சேக்கிழார் காட்டிய விதம் அப்படி.

ஆகவே தைத்த ஆடை எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு விக்கிரகத்துக்கும், விரத நாளில் வைக்கும் கலசத்துக்கும், கொலுப் பொம்மைக்கும் தைத்து அணிவிக்கத் தடையில்லை. கோயிலுக்கென்று தைப்பதானால், சிவாலயத்தில் குருக்களிடமும், பெருமாள் கோயிலில் பட்டரிடமும், கிராமத்து அம்மன் கோயிலில் பூசாரியிடமும் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒவ்வொரு முறை. கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கம்ப வடிவிலேயே எழுந்தருளியிருக்கிறார். அவருக்கு இடையளவு எங்கே எடுப்பது? செட்டிகுளத்து மலைமேல் தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கிறார். ஆசையாய்ப் பட்டுச் சட்டை தைத்து எடுத்துச் சென்று, சாற்ற இயலாது என்று அங்கே கேட்டு வருந்துவதைவிட, முன்னரே கேட்டு அறிவது இருவருக்கும் நல்லது.

இனிப் பாவாடைக்கு வருவோம். முதல் அளவு இடையிலிருந்து பீடம் வரை. அது 5 அங்குலம் என்றால், மேலே நாடா நுழைய 1 அங்குலமும், கீழே மடித்துத் தைக்க அரை அங்குலமும் கூட்டி, ஆறரை அங்குல உயரத்துக்குத் துணியை வெட்ட வேண்டும். இரண்டாவது அளவு இடையின் சுற்றளவு. அதைப்போல் மூன்று மடங்கு அகலம் இருந்தால் கொசுவம் நிறைவாக விழும். இரண்டு மடங்கு என்றால் ஏழைப் பாவாடை. சுற்றளவு 6 அங்குலமானால் துணி 18 அங்குலம். சாதாரண 80 செ.மீ. ரவிக்கைத் துணி ஒன்றில் இவ்வளவில் நான்கு பாவாடைகளாவது தாராளமாகத் தேறும். நான்கு வெள்ளிக்கிழமைக்கு நான்கு நிறம் வேண்டுபவர்கள், பக்கத்து வீட்டாரோடு துணியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

பக்கவாட்டு ஓரங்கள் இரண்டையும் மடித்துத் தைத்துவிட வேண்டும். ஆனால் ஒன்றோடொன்று சேர்த்து மூடிவிடக் கூடாது. முதன்முறை தைப்பவர்கள் தவறுவது இங்கேதான். குழந்தைக்குத் தைப்பதுபோல் வட்டமாக மூடித் தைத்துவிட்டால், அம்மன் பீடத்தைவிட்டுக் கால் எடுத்து அதற்குள் வரப்போவதில்லை. பின்புறம் திறந்தே இருக்கட்டும். நாடாவை இழுத்துக் கொசுவத்தைச் சீராகப் பரப்பி, பின்னால் முடிந்தால் போதும். அடி ஓரத்தில் சரிகைக் கரை வைப்பதானால், துணியைச் சுருக்குவதற்கு முன்பே தைத்துவிட வேண்டும். சுருக்கிய பின் தைக்கும் கரை அலை அலையாய் நிற்கும்.

‘பாவாடை’ என்ற சொல்லே கோயிலுக்கு நெருக்கமானது. பெரியோர் நடந்துவர வழியில் விரிக்கும் துணிக்கு நடைபாவாடை என்று பெயர். பெருந்தளிகையாக அன்னத்தைப் பரப்பிப் படைப்பதையும் பாவாடை என்றே சொல்வர். பரப்புவது, பாவுவது அதன் பொருள். பெண் குழந்தைகளின் இடையில் ஏறியதெல்லாம் பின்னால் நடந்தது போலும்.

துணி எது என்பதில் சற்றுக் கண்டிப்பு வேண்டும். கடைகளில் மினுமினுப்பும் கண்ணாடித் துண்டும் ஒட்டி ஆயத்த ஆடைகள் விற்கிறார்கள். கண்ணைப் பறிக்கும். பெரும்பாலும் அவை செயற்கை இழை. பூஜையறை என்பது நாள்தோறும் தீபம் எரியும் இடம். தீபாராதனைக் கை சற்று நடுங்கும் வயதில் ஆடை விளக்கருகே இருப்பது அச்சத்துக்குரியது. பருத்தியும் தீப்பற்றும், ஐயமில்லை. ஆனால் செயற்கை இழை உருகிச் சொட்டும். விக்கிரகத்தின் மேலோ, அணைக்க நீட்டிய கையிலோ ஒட்டிக்கொள்ளும். துணியில் ஓர் இழையை உருவி, பாதுகாப்பாகப் பிடித்துத் தீயில் காட்டினால் தெரிந்துவிடும். காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. சுருண்டு கடினமான மணியாக உறைந்தால் செயற்கை. எந்தத் துணியானாலும் விளக்கைவிட்டு ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். கற்பூரம் காட்டும்போது பாவாடையின் ஓரம் பறக்காமல் பீடத்தில் செருகி வைப்பது நல்லது.

பருத்தியைப் பற்றி இந்த வட்டாரத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெரம்பலூரின் கரிசல் வயல்களில் வெடித்த காயும் வெள்ளைப் பஞ்சும் எல்லாரும் பார்த்து வளர்ந்தவை. 1995இல் திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்தது பெரம்பலூர். அதிலிருந்து 2001இல் அரியலூரை வெட்டினார்கள். 2002இல் மறுபடி ஒட்டினார்கள். 2007இல் திரும்பவும் வெட்டினார்கள். நல்ல தையற்காரர் துணியை இத்தனை முறை வெட்டமாட்டார். ஆனாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், சிறுவாச்சூருக்கு மாவிளக்கு எடுத்துச் செல்வதும், திருமழபாடியில் நந்தியெம்பெருமான் திருக்கல்யாணம் காண்பதும் ஒரே துணியாகத்தான் இருக்கின்றன.

அப்படிப் பெண் கொடுத்த ஒரு வீட்டில் நடந்தது இனி வருவது.

அரியலூருக்கு அருகே ஒரு சிற்றூர். எழுபத்து நான்கு வயது அம்மையார் ஒருவர் அங்கே தனியே வசிக்கிறார். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி திங்களும் வெள்ளியும் மட்டுமே திறக்கும் என்பதால், அவருடைய வாரமும் அப்படியே வகுக்கப்பட்டிருக்கிறது. இயன்ற வெள்ளிக்கிழமைகளில் அம்மன் தரிசனம். மற்ற நாட்களில் திண்ணையில் தையல். அவருடைய கணவர் எண்பத்திரண்டு வயதில் காலமானார். கருமாதி முடிந்ததும் அவருடைய வேட்டிகளில் பெரும்பாலானவற்றை ஊர் வழக்கப்படி கொடுத்துவிட்டார்கள். நான்கு வேட்டிகளை மட்டும் அம்மையார் எவரிடமும் சொல்லாமல் பெட்டிக்கடியில் வைத்துக்கொண்டார். துவைத்துத் துவைத்து வெண்ணெய்போல் ஆகிவிட்ட எட்டு முழ வேட்டிகள்.

இரண்டு ஆண்டு கழித்து, பெரம்பலூரில் கொடுத்திருந்த பேத்திக்கு எட்டாம் மாதம். பிறந்த குழந்தைக்கு முதலில் புதுத்துணி போடுவதில்லை என்பது பழைய வழக்கம். கஞ்சியும் சாயமும் போகாத புதுத்துணி பச்சிளம் மேனியை உறுத்தும். வீட்டுப் பெரியவர்கள் உடுத்தித் தேய்ந்த பருத்தித் துணியே மெத்தென்றிருக்கும். நீண்ட ஆயுள் கண்டவரின் துணியானால், அந்த ஆயுளும் குழந்தையைச் சேரும் என்று நம்புவார்கள். தெய்வத்துக்குக் கோடித்துணி, குழந்தைக்குப் பழந்துணி. இரண்டையும் வரிசை மாற்றி வைப்பவர்கள் இல்லை.

அம்மையார் பெட்டியைத் திறந்து வேட்டிகளை எடுத்தார். தொட்டிலில் விரிக்க ஒரு சிறு மெத்தை விரிப்பு தைப்பதாக எண்ணம். மூன்று அடி நீளம், இரண்டடி அகலம். செய்தி பேத்தியின் மாமியார் காதுக்குப் போயிற்று. அவர் நல்லவர், மனத்தில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

“தப்பா எடுத்துக்காதீங்க பெரியம்மா. இருக்கிறவங்க துணின்னா சரி. போனவங்க துணியில புள்ளயப் போடலாமா? எனக்கு மனசு ஒப்பலே.”

அம்மையார் பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதிலும் பொருள் இருந்தது. இறந்தவர் உடைமையைக் குழந்தைக்கு ஆகாது என்று விலக்கும் வீடுகள் உண்டு. நிறைவாழ்வு வாழ்ந்தவர் துணியை ஆசியென்று கேட்டு வாங்கும் வீடுகளும் உண்டு. எது சரி என்று தீர்ப்புச் சொல்லச் சாத்திரத்தைத் தேடினால், அவரவர் வீட்டு மூதாட்டியே சாத்திரமாக வந்து நிற்பார். பேத்தி இருபுறமும் பேச முடியாமல் தவித்தாள். வேட்டிகள் மறுபடியும் பெட்டிக்குள் போயின. அந்த மாதம் அம்மையார் தைக்க உட்காரவில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் தவறாமல் சிறுவாச்சூர் சென்று வந்தார்.

குழந்தை பிறந்தது. ஆண் பிள்ளை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முகத்தை உற்று நோக்கி, நெற்றியும் காதும் யாரைப்போல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்ன பெயர் பெரும்பாலும் ஒன்றுதான். பதினோராம் நாள், மாமியார் தம்முடைய நைந்த சுங்கடிப் புடவை ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டு அம்மையாரிடம் வந்தார்.

“இது மேல இருக்கட்டும். உங்க சீல ஒண்ணு அடியில வச்சுக்குங்க. அவங்க வேட்டி... நடுவுல இருக்கட்டும். உள்ளாற இருந்தா போதுமில்ல?”

“போதும்மா,” என்றார் அம்மையார். “முன்னால வந்து நிக்கிற மனுசர் இல்ல அவரு.”

இரு வீட்டுப் பெண்களும் எதிரெதிரே அமர்ந்து தைத்தார்கள். மூன்று அடுக்கையும் சுருக்கமின்றி விரித்து, நான்கு மூலையிலும் நடுவிலும் பெரிய தையலாகப் போட்டு அசையாமல் பிணைத்துக்கொள்வது முதல் வேலை. இது பின்னர் பிரித்துவிடும் தையல். அதன்பின் ஓட்டுத் தையல், நடுவிலிருந்து ஓரம் நோக்கி. ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் கூடிக் கூடாரம்போல் எழும்பிவிடும். வரிக்கு வரி ஒரு விரல் இடைவெளி. முடிச்சுகள் குழந்தையின் மேனியில் படாதவாறு அடுக்குகளுக்குள் மறைய வேண்டும். பொத்தானோ, மணியோ, சரிகையோ கூடவே கூடாது. குழந்தை எதையும் வாயில் வைக்கும். தைத்து முடிந்ததும் வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் உலர்த்தினார்கள்.

வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை இவ்வாறே அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். காந்தா என்று அதற்குப் பெயர். நூலுக்குக்கூடக் கடைக்குப் போகாத சிக்கனம். ஒட்டுத்துணியின் பெருமை இன்னும் பழையது. மகத நாட்டு நெல் வயல்களையும் அவற்றின் வரப்புகளையும் காட்டி, அதேபோல் துண்டு துண்டாய் இணைத்துத் துறவியர் ஆடையைத் தைக்கும்படி ஆனந்தரிடம் புத்தர் கூறியதாகப் பௌத்த நூல் சொல்கிறது. வயல்வெளி நடுவே வாழ்பவர்களுக்கு அந்த உவமை உடனே விளங்கும்.

கிழிசல் துணுக்குகளும் வீணாவதில்லை. ஆனால் ஒரு வரம்பு உண்டு. கோயில்களில் அம்மனுக்குச் சாற்றிய புடவைகளை ஏலம் விடும்போது, பிரசாதமாக எண்ணி வாங்கி வருகிறார்கள். அத்தகைய புடவை உடுத்தி நைந்த பின், அதைக் கால்மிதியாகவோ கரித்துணியாகவோ ஆக்குவது முறையன்று. பூஜை அலமாரிக்குத் திரையாகலாம். பாராயண நூல்களைச் சுற்றி வைக்கும் உறையாகலாம்.

வாசலுக்குத் துணித் தோரணம் தைப்பது பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு செய்யத்தக்க வேலை. தஞ்சாவூர், கும்பகோணப் பகுதிக் கைவினைஞர்கள் வண்ணத் துணிகளை யாளியாகவும் அன்னமாகவும் தாமரையாகவும் வெட்டி, மற்றொரு துணிமேல் வைத்துத் தைத்துத் தேர்ச்சீலையும் தொம்பையும் செய்வதைத் தேர்த் திருவிழாக்களில் கண்டிருப்பார்கள். அதன் வீட்டுச் சிறுவடிவம் இது. மூன்றரை அடி வாசலுக்கு 11 இலைகள். பச்சைத் துணியில் 3 அங்குல அகலம், 5 அங்குல நீளத்துக்கு மாவிலை வடிவில் இரண்டிரண்டாக வெட்டி, நல்ல பக்கங்கள் உட்புறம் இருக்கும்படி சேர்த்து, மேல் ஓரம் தவிர மற்றதைத் தைத்து, உள்ளிருப்பதை வெளியே திருப்பிவிட வேண்டும். இலைக்கு இலை முக்கால் அங்குலம் விட்டு ஒரு நாடாவில் பொருத்தினால் தோரணம். நாள் கிழமைக்கு மெய்யான மாவிலைதான் கட்ட வேண்டும். துணி இலை மற்ற நாட்களுக்கு.

திருநீற்றுப் பைக்குப் புதுத் துணியே ஏற்றது. 9 அங்குல விட்டத்தில் வட்டமாக வெட்ட ஒரு தட்டைக் கவிழ்த்து வரைந்துகொண்டால் போதும். ஓரத்தை உள்ளே மடித்து, கயிறு நுழையுமளவு இடம் விட்டுச் சுற்றிலும் தைத்து, எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு துளைகள் விட்டு இரு கயிறுகளைக் கோக்க வேண்டும். ஒரு கயிறு என்றால் வாய் ஒருபுறம் கோணும். இரண்டும் எதிரெதிராக இழுத்தால் ஒழுங்காய்ச் சுருங்கும். உள்ளே இன்னொரு மெல்லிய துணி வைத்துத் தைக்காவிட்டால் நீறு கசிந்து, சட்டைப்பை வெளுத்துவிடும்.

அம்மையாருக்குக் கண்புரை அறுவை முடிந்து ஓராண்டாகிறது. தைப்பது தெரிகிறது, ஊசிக் காதில் நூல் கோப்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவன் வந்து பத்து ஊசிகளில் நூல் கோத்து, வெள்ளைக்கு ஒரு பக்கம், வண்ணத்துக்கு ஒரு பக்கம் என்று பஞ்சுத் திண்டில் குத்தி வைத்துவிட்டுப் போகிறான். நூல் கை நீளத்துக்கு மேல் கூடாது, சிக்கலாகும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமைக்குள் பத்தும் தீர்ந்துவிடும்.